36 தேர்தல் ஒரே கட்சி... 37வதுல அவுட்!

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் எலியட் கவுண்டின்னு ஒரு மலைப்பகுதி. நம்ம தாலுகா மாதிரின்னு வச்சுக்கோங்க, ஜனத்தொகை 8 ஆயிரத்துக்கும் கீழ.

1872 முதல் 2012 வரை 36 அதிபர் தேர்தல். அத்தனையிலும் ஜனநாயகக் கட்சிதான்! 1984ல ரீகன் 49 மாநிலங்களை வாரிச் சுருட்டினப்பவும் இவங்க ஓட்டு மாண்டேலுக்குத்தான்.

சும்மா போடல. ரூஸ்வெல்ட் காலத்துல வந்த புகையிலைக் கோட்டாவும் ஆதரவு விலையும் சின்ன விவசாயி வீட்டுல அடுப்பெரிய வச்சுது. 2004ல அந்தத் திட்டத்துக்கே மூடுவிழா.

2016ல டிரம்புக்கு 70%. உடனே ஏசி ரூம் அறிவாளிகள் "படிக்காத ஜனம், ஒரே ராத்திரியில ஏமாந்துருச்சு"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. தாத்தா போட்டா விசுவாசி, பேரன் மாத்திப் போட்டா முட்டாளா?

ஒரே ராத்திரியா? கணக்கைப் பாருங்க. ஒபாமாவுக்கு 2008ல 61%. 2012ல 49%. நாலே வருஷத்துல 12 புள்ளி காலி! அப்பவே மணி அடிச்சுது, மேலிடத்துக்குக் காது கேக்கல. 2016ல ஹிலாரிக்கு வெறும் 26%.

"எல்லாம் இனவெறி"ன்னு ஒரு குரூப் வரும். அது இல்லவே இல்லைன்னு நாங்க சொல்லல. அது மட்டும்தான்னா, இதே வெள்ளையர் ஊர்ல ஒபாமாவுக்கு 61% எப்படி வந்துச்சு?

இன்னொண்ணு. 2019 ஆளுநர் தேர்தல்ல ஜனநாயகக் கட்சியின் ஆண்டி பெஷியர் ஆசிரியர் ஓய்வூதியம், மருத்துவம்னு பேசினார். எலியட் கவுண்டி அவரைத்தான் ஜெயிக்க வச்சுது. அடுத்த வருஷமே அதிபர் ஓட்டு மறுபடி டிரம்புக்கு. ஏமாந்த ஜனம் இப்படித்தான் ஆளைப் பார்த்து, பதவியைப் பார்த்துப் பிரிச்சுப் போடுமா?