அப்பழுக்கற்றவர் யார்?

"அப்பழுக்கற்ற" என்னும் பதம் இக்காலத்து மேடைகளில் வெகு மலிவாகிவிட்டது. தேர்தல் வந்துவிட்டாலோ கேட்க வேண்டுவதில்லை. சுவர்தோறும் ஓர் அப்பழுக்கற்றவர் கைகூப்பி நிற்கிறார்.

இப்பதத்தின் போக்கைச் சற்றுக் கவனிப்போம். "அற்ற", "இல்லாத" என்ற எதிர்மறையின் துணையின்றி அது வழங்குவதே அரிது. "அவரிடம் அப்பழுக்கு உண்டு" என்று எவரும் சொல்ல நாம் கேட்டதில்லை. அழுக்கைத் தேடிப் பார்த்து, காணோம் என்று கண்ட பிறகே சொல்லத்தக்க சொல் அது என்பது நமது அபிப்பிராயம். தேடியவர் யார்?

"கோர்ட்டே விடுதலை செய்துவிட்டதே" என்பார்கள். கோர்ட்டுகளில் பல வருஷம் கழித்த நமக்கு இந்தப் பதில் வியப்பளிக்கிறது. ருசுவானது, பொய்யென ருசுவானது, ருசுவாகாதது என்று மூன்று நிலைகளை 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் பிரித்துக் கூறிற்று. 2024 ஜூலையில் அதனிடத்தில் அமலுக்கு வந்த புதிய சட்டமும் இப்பாகுபாட்டைக் கைவிடவில்லை. சந்தேகத்தின் பலனைப் பெற்று வெளிவருபவர் மூன்றாம் வகுப்பினர். அவரைச் சிறைக்கு அனுப்பலாகாது. அந்த நியாயத்தில் ஓர் அணுவும் குறையலாகாது. ஆனால் அவருக்கு மாலையிட வேண்டுமென்று எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. விடுதலை அளிப்பது நீதிபதியின் வேலை. அப்பழுக்கற்றவர் என்று சொல்வது ஊராரின் பொறுப்பு.

1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி மீது வழக்கேதும் இல்லை. எனினும் பொறுப்பு தம்முடையதென்று ராஜிநாமாச் செய்தார். தம்மை அவர் அப்பழுக்கற்றவர் என்று விளம்பரஞ் செய்துகொள்ளவில்லை, ஜனங்களே சொன்னார்கள்.

தேச ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. 2002-இல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பின் பயனாக, அபேட்சகர் ஒவ்வொருவரும் தம்மீதுள்ள கிரிமினல் வழக்குகளையும் சொத்து, கடன்களையும் பிரமாணப் பத்திரத்தில் வெளியிட வேண்டியிருக்கிறது. உங்கள் அபேட்சகரின் பத்திரத்தை உங்களில் எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? படியாமலே துண்டுப் பிரசுரத்தில் அச்சொல்லை அச்சிட்டுக் கொடுப்பது, பாராத சரக்குக்கு ஜாமீன் நிற்பது போலாம். நாமும் இதில் தப்பியவரல்லோம். இரங்கற் குறிப்புகளில் பழக்கதோஷத்தால் பலமுறை இச்சொல்லை எழுதியிருக்கிறோம். விசாரியாமல் இனி எழுதுவதில்லை என்று நமது காரியாலயத்தில் தீர்மானித்திருக்கிறோம்.