மன்னிப்பின் அளவு

நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா முதலிய வியாதிகளை அடியோடு தீர்த்துவிடுவதாய்ப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்து வந்த பதஞ்சலி கம்பெனியார், 2024ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் பயந்து 67 பத்திரிகைகளில் மன்னிப்புக் கேட்டார்கள். அப்போதுங்கூட, விளம்பரம் போட்ட அளவுக்கு மன்னிப்பையும் போட்டீர்களா என்று நீதிபதிகள் கேட்க வேண்டியதாயிற்று. பொய்க்கு முழுப் பக்கமும், மெய்க்கு மூலையில் ஒரு கட்டமும் ஒதுக்குவது நம் நாட்டுப் பத்திரிகைகளுக்குப் புதிதல்லவே!

இத்தகைய விளம்பரம் கூடாதென்று 1954லேயே சட்டம் ஏற்பட்டிருக்கிறது. அதன் அட்டவணையில் நீரிழிவும் இருக்கிறது. இதைப் படிக்காமலா சர்க்கார் அதிகாரிகள் உத்தியோகம் பார்த்தார்கள்? உத்தரகாண்ட் சர்க்கார் 14 மருந்துகளின் லைசென்சை நிறுத்தியதும் கோர்ட்டு அதட்டிய பிறகுதான், அதுவும் நிலைக்கவில்லை.

அது போகட்டும். நாம் கேட்பது வாங்குகிறவர்களைத்தான். உடம்பில் இன்சுலினே சுரக்காத ஒரு பிள்ளைக்கு, விளம்பரத்தை நம்பி ஊசியை நிறுத்தினால், சில நாட்களிலேயே இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்து வரும். காவித் துணி வந்து அதைத் தடுக்குமா? கால்படி கத்தரிக்காயைப் பத்துத் தரம் புரட்டிப் பார்த்து வாங்குகிற தோழர், ஆயிரம் பேருக்குக் குணமாயிற்று என்றவுடன், யார் சோதித்தார்கள், எங்கே சோதித்தார்கள், குணமாகாதவர் எத்தனை பேர் என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டால் ரிஷி நிந்தனையாம்! ரிஷிகள் லோகோபகாரமாய்ச் சொன்னதற்குக் கம்பெனி எதற்கு, லாபம் எதற்கு? இங்கிலீஷ் மருந்து விற்கிறவர்களெல்லாம் யோக்கியர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்களையும் இதே கேள்விகளைக் கேளுங்கள், நமக்கு ஆட்சேபணையில்லை.