150 பவுண்டும் ஒரு பதில் கடிதமும்

ஒரு மனிதனின் விலை என்ன? 1846ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இருந்த ஹியூ ஆல்ட் கேட்டது 150 பவுண்டு. அவர் விலை பேசிய மனிதர் ஃபிரெடரிக் டக்ளஸ்.

அடிமையாகப் பிறந்த டக்ளஸ் 1838ல் தப்பி ஓடினார். 1845ல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். எஜமானர்களின் பெயரும் ஊரும் அதில் வெளிப்படையாக இருந்தன. இனி எந்த நேரமும் பிடிபடலாம். மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் மாசசூசெட்ஸில் விட்டுவிட்டு, பிரிட்டனுக்குக் கப்பலேறினார். அங்கே ஊர் ஊராக அடிமை முறைக்கு எதிராகப் பேசினார்.

நியூகாசலில் எல்லன் ரிச்சர்ட்சன் என்ற பள்ளி ஆசிரியைக்கு ஒரு யோசனை. இவர் பயமின்றி வீடு திரும்ப வேண்டுமானால், சட்டப்படி விடுதலை வாங்கித் தரவேண்டும். தம் சகோதரரின் மனைவி அன்னாவுடன் சேர்ந்து பணம் திரட்டினார். நீராவிக் கப்பலில் ஒரு கடிதம் அட்லாண்டிக்கைக் கடக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் காலம் அது. அப்படிக் கடிதங்கள் போய் வந்தே பேரம் முடிந்தது. 1846 டிசம்பரில் விடுதலைப் பத்திரம் கையெழுத்தானது.

எல்லாரும் மகிழவில்லை. சக போராளி ஹென்றி ரைட், அந்தப் பத்திரத்தை ஏற்காதே என்று டக்ளஸுக்கு எழுதினார். மனிதனை விலை கொடுத்து வாங்கினால், மனிதனை விற்கலாம் என்று ஒப்புக்கொண்டது போலாகாதா?

நியாயமான கேள்விதான். டக்ளஸ் கோபப்படவில்லை. டிசம்பர் 22ஆம் தேதி மான்செஸ்டரிலிருந்து பொறுமையாக, நீளமாகப் பதில் எழுதினார். சுதந்திரம் தன் பிறப்புரிமை. அதை விற்கவோ வாங்கவோ யாருக்கும் உரிமை இல்லை. கொடுத்த பணம் அநியாயத்துக்கு அங்கீகாரம் ஆகாது. தன் போர்க்களம் அமெரிக்கா. அங்கே போயாக வேண்டும். பின்னாளில் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலும், கொள்ளைக்காரன் பறித்த பணத்தைப் போன்றதே அது என்றார்.

1847ல் திரும்பிப் போனார். அதே ஆண்டு ராச்செஸ்டர் நகரில் சொந்தப் பத்திரிகை தொடங்கினார்.

ரைட்டின் கொள்கையில் பிழை தேட முடியாது. ஆனால் அவர் பிறந்தது முதல் சுதந்திர மனிதர். அந்தக் கொள்கைக்கு விலை கொடுக்க வேண்டியவர்கள் டக்ளஸும், கடலுக்கு அப்பால் காத்திருந்த அவர் குடும்பமும்.

‘விட்டுக்கொடுக்காதே’ என்று நாமும் யாருக்காவது சொல்கிறோம். சொல்வதற்கு முன் ஒன்றை யோசிக்கலாம்: விட்டுக்கொடுக்காமல் இருந்தால், இழப்பு யாருக்கு?