ஓர் ஆசிரியையின் சொல்



"பெண் பிள்ளைக்கு இந்தக் கணிதமும் பௌதிகவியலும் எதற்கு?" என்று எத்தனை வீடுகளில் பேசப்படுகிறது! கெட்ட எண்ணத்தோடு யாரும் இப்படிச் சொல்வதில்லை. ஆயினும் அந்த ஒரு சொல் ஒரு பிள்ளையின் பாதையையே திருப்பிவிடும். ஒரு நல்ல சொல்லும் அவ்வாறே. அதற்கு அமெரிக்கப் பேராசிரியை மில்ட்ரட் ட்ரெஸ்ஸல்ஹவுஸின் வரலாறு சாட்சி.

1930இல் நியூயோர்க்கில், குடியேறிய ஏழைப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். பாடசாலை ஆசிரியையாக வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் ஹண்டர் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பௌதிகவியல் கற்பித்த ரொஸலின் யலோ என்ற ஆசிரியை இவருடைய திறமையைக் கண்டு, விஞ்ஞானத்தின் பக்கம் போகும்படி ஊக்கினார். அந்த ஆசிரியையும் பின்னர், 1977இல், மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

மாணவியின் பாதை இலகுவாக இருக்கவில்லை. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இவருடைய ஆய்வை மேற்பார்வை செய்தவரே, பெண்களுக்கு விஞ்ஞானத்தில் இடமில்லை என்று கருதினார். எனினும் 1958இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் நான்கு குழந்தைகளுக்குத் தாயானார். காலையில் சற்றுப் பிந்தி வேலைக்கு வந்ததையும் குறை கூறினார்கள். 1967இல் மஸாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்துக்கு வருகைதரு பேராசிரியையாக வந்தார். பெண் அறிஞர்களை ஊக்குவிக்கவென வழங்கப்பட்ட ஒரு நிதியே அந்தக் கதவைத் திறந்தது. மறு ஆண்டே மின்பொறியியலில் நிரந்தரப் பேராசிரியையானார்.

பென்சிலில் இருக்கும் காரீயமும் ஒருவகைக் காபன்தான். அதனுள் இலத்திரன்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதையே அவர் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். ஓர் அணு கனமுள்ள காபன் தாளைக் குழாயாகச் சுருட்டினால், அது சுருளும் விதத்தைப் பொறுத்து உலோகமாகவோ குறைகடத்தியாகவோ அமையும் என்று 1992இல் சக ஆய்வாளர்களோடு முன்கூட்டியே சொன்னார். "காபனின் அரசி" என்று உலகம் அவரை அழைத்தது.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல விரும்புவது இதையல்ல. தமக்குத் திறந்த கதவை அவர் தமக்குப் பின்னால் மூடிவிடவில்லை. அந்நாளில் அந்த நிறுவகத்தில் பெண்களுக்கான விடுதி இடம் குறைவு. ஆகவே சேர்க்கப்படும் மாணவிகளும் குறைவு. அதனால் ஆண்களை விட மாணவிகள் கூடுதல் தகுதி காட்ட வேண்டியிருந்தது. திறமையில் குறைவில்லை, கட்டிலில்தான் குறைவு! எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்று 1970களின் தொடக்கத்தில் சக பேராசிரியை ஒருவரோடு சேர்ந்து வாதாடினார். பொறியியல் என்றால் என்ன என்பதைப் புதிய மாணவிகள் பயமின்றிக் கண்டறிய ஒரு வகுப்பையும் ஆரம்பித்தார்.

1985இல் அந்த நிறுவகத்தின் அதியுயர் பேராசிரியர் தகைமையைப் பெற்ற முதற் பெண்ணானார். 2014இல் அமெரிக்க ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கமும் கிடைத்தது. 2017இல், 86ஆவது வயதில் காலமானார்.

பெற்றோரே, ஆசிரியர்களே! பிள்ளையின் திறமை நம் கையில் தரப்பட்ட அமானிதம். நாளை உங்கள் மகள் கணக்குக் கொப்பியோடு உங்கள் முன் வந்து நிற்கும்போது, அவளுக்கு நீங்கள் சொல்லப்போகும் சொல் எது?