பத்தும் பத்தும் புகட்டும் பாடம்

இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேரில், 2022 மார்ச்சில் 24 வார்டுகளுக்கு நகராட்சித் தேர்தல் நடந்தது. பாரதீய ஜனதாவுக்குப் பத்து, காங்கிரசுக்குப் பத்து, தெலுங்கு தேசத்துக்கு இரண்டு, தி.மு.க.வுக்கு ஒன்று, சுயேச்சைக்கு ஒன்று. தராசின் இரு தட்டும் சமமாக நின்றன. முள்ளை அசைக்கும் பலம் மிச்சமிருந்த நான்கு வார்டுகளிடம் போயிற்று. பா.ஜ.க.வுடன் கைகோத்த தெலுங்கு தேசத்தின் எஸ். செல்வி 2023 மார்ச்சில் நகராட்சித் தலைவரானார். இரண்டே வார்டு வென்ற கட்சிக்கு நகரத்தின் தலைமை!

இந்த நிலை ஒரே நாளில் வந்ததல்ல. 1952, 1957, 1962 பொதுத்தேர்தல்களில் இத்தீவு மக்களுக்கு நாடாளுமன்ற ஓட்டே கிடையாது. குடியரசுத் தலைவர் நியமித்தவரே உறுப்பினர். 1967-இல்தான் முதல் ஓட்டு. அன்று முதல் 1998 வரை காங்கிரசைத் தவிர வேறு கட்சி வென்றதில்லை. கே.ஆர். கணேஷ் இருமுறை, மனோரஞ்சன் பக்தா தொடர்ந்து ஏழு முறை. 1977-இல் வடநாட்டில் காங்கிரஸ் சாய்ந்தபோதும் இங்கே அசையவில்லை. 1999-இல் பா.ஜ.க.வின் பிஷ்ணுபத ரே அந்தக் கோட்டையைத் தகர்த்தார். பிறகு இரு கட்சிகளுமே வென்று வந்திருக்கின்றன. 2019-இல் காங்கிரஸ் வென்றது வெறும் 1,407 ஓட்டில். 2024-இல் மீண்டும் பா.ஜ.க.

இந்த வரலாறு உழைப்பாளி மக்களுக்குச் சொல்வது என்ன? முடிவு முன்கூட்டியே தெரிந்த காலத்தில், நம் ஓட்டைக் கேட்டு வருபவன் கும்பிட்டுவிட்டுப் போனால் போதும். ஆயிரம் ஓட்டில் வெற்றி புரளும் காலத்தில், தண்ணீர்க் குழாயைப் பற்றியும் கூலியைப் பற்றியும் அவன் பதில் சொல்லியாக வேண்டும். சட்டமன்றம் இல்லாத தீவு இது. ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், நகராட்சி, பஞ்சாயத்து. இவ்வளவுதான் நம் ஓட்டின் எல்லை. அதையும் கைவிட்டால் மிஞ்சுவது மனுக்கொடுக்கும் வரிசைதான்.

2011 கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்குப் பதினைந்து பேரின் தாய்மொழி தமிழ். ஆனால் இருபது ஆண்டாய் இங்கே உழைத்தும் ஓட்டை இராமநாதபுரத்திலோ திருநெல்வேலியிலோ வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஊர்ப்பற்று குற்றமல்ல. ஆனால் கப்பலேறிப் போய் ஓட்டுப் போட எத்தனை பேரால் முடிகிறது? அங்கேயும் போடாமல், இங்கேயும் போட முடியாமல் உரிமை வீணாகிறது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் பெயர் ஒரு தொகுதியில்தான் இருக்கலாம். வழக்கமாக வசிக்கும் இடமே கணக்கு. ஊரில் சொந்த வீடு இருப்பது மட்டும் போதாது. 2025 அக்டோபரில் தேர்தல் ஆணையம் சிறப்புத் தீவிரத் திருத்தம் அறிவித்த பன்னிரண்டு மாநில, யூனியன் பிரதேசங்களில் தமிழ்நாடும் உண்டு, அந்தமானும் உண்டு. கடலின் இரு கரையிலும் கால் வைத்தவர்கள் இதை அலட்சியம் செய்யலாகாது.

தமிழன் ஓட்டு தமிழனுக்கே என்று நாம் கூவவில்லை. தண்ணீர் லாரி முன் நம்மோடு குடம் தூக்கி நிற்பவர் வங்காளியும் தெலுங்கரும்தான். நாம் கேட்பது ஒன்றே. உழைக்கும் ஊரில் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கட்டும். வீட்டுப் பெண்கள் பெயரும், பதினெட்டு நிரம்பிய பிள்ளைகள் பெயரும் இருக்கட்டும். அடுத்த நகராட்சித் தேர்தலில் பத்தும் பத்துமாக மறுபடி தராசு நின்றால், முள்ளை அசைக்கும் கை நம்முடையதாகவும் இருக்க வேண்டும்.