ஹைட்டி: பிறர் விடுதலைக்கு உதவி, தான் கடனாளியான நாடு

 

அண்மையில் மாலை வகுப்பில் பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அபூபக்ர் (ரலி) அவர்கள் பொருள் கொடுத்து அவரை விடுவித்த நிகழ்ச்சியைச் சொல்லி முடித்தபோது ஒரு மாணவன் எழுந்து, "ஹஜ்ரத், அடிமைகள் தாங்களே திரண்டு போராடி விடுதலை பெற்றது உண்டா?" என்று கேட்டான். உண்டு என்று கூறி ஹைட்டி நாட்டின் பெயரைச் சொன்னேன். "நிலநடுக்கம் வந்த ஏழை நாடுதானே?" என்றான் இன்னொரு மாணவன்.

அம்மாணவனைக் குறைகூற இயலாது. அமெரிக்கப் புரட்சியையும் பிரெஞ்சுப் புரட்சியையும் நம் பிள்ளைகள் ஆண்டுக் கணக்கோடு ஒப்புவிக்கின்றனர். அதே காலத்தில் நிகழ்ந்து, பல நாடுகளின் போக்கையே மாற்றிய மூன்றாவது புரட்சியைப் பற்றி அவர்களுக்கு நாம் சொன்னதில்லை.

கரீபியக் கடலில், செயின்ட் டொமிங் என்ற பெயரில் பிரான்சின் குடியேற்ற நாடாக இருந்த நிலம் அது. ஐரோப்பா நுகர்ந்த சர்க்கரையில் ஏறத்தாழ 40 விழுக்காடு அங்கிருந்தே சென்றது. அச்சர்க்கரைக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல்களில் கொண்டுவரப்பட்டோரும் அவர்தம் மக்களுமாக ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் அடிமைகளாக உழைத்தனர். 1791 ஆகஸ்ட் 22ஆம் நாள் இரவு வட பகுதித் தோட்டங்களில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அப்போரில் பிரெஞ்சு, ஸ்பானிய, ஆங்கிலேயப் படைகளை அவர்கள் எதிர்கொண்டனர். தலைவர் தூசான் லூவெர்த்யூர் 1802இல் வஞ்சகமாகச் சிறைப்பிடிக்கப்பட்டு, மறு ஆண்டு பிரான்சின் மலைக்கோட்டைச் சிறையொன்றில் மாண்டார். அவருடைய தளபதியாயிருந்த டெசலின், 1804 ஜனவரி 1ஆம் நாள் ஹைட்டி என்ற பெயரில் விடுதலையை அறிவித்தார்.

இப்புரட்சியின் விளைவுகள் அத்தீவோடு நின்றுவிடவில்லை. மனித உரிமைப் பிரகடனத்தை 1789இலேயே வெளியிட்ட பிரான்ஸ், தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழிக்க 1794 பிப்ரவரி வரை காத்திருந்தது. செயின்ட் டொமிங்கின் அடிமைகள் ஆயுதம் ஏந்திய பின்னரே பாரிஸ் அச்சட்டத்தை இயற்றியது. நெப்போலியன் 1802இல் அடிமைமுறையை மீண்டும் புகுத்த முனைந்தபோது, அவர் அனுப்பிய பெரும்படை போரிலும் மஞ்சள் காய்ச்சலிலும் அழிந்தது. செயின்ட் டொமிங் கைநழுவும் நிலை ஏற்பட்டபோது, அதற்கு உணவுக் களஞ்சியமாக அவர் எண்ணியிருந்த லூசியானா நிலப்பரப்பு பயனற்றதாயிற்று. 1803இல் அதனை ஒன்றரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றார். அமெரிக்காவின் பரப்பு ஏறத்தாழ இருமடங்கானது. அந்நாடு ஹைட்டியின் அடிமைகளுக்கு எத்துணைக் கடன்பட்டிருக்கிறது என்பது பேசப்படுவதே இல்லை.

தென் அமெரிக்காவின் விடுதலை வீரர் சிமோன் பொலிவார் தோற்று, புகலிடம் தேடி 1815ஆம் ஆண்டின் இறுதியில் ஹைட்டிக்கு வந்தார். அதிபர் பெத்தியோன் அவருக்குத் துப்பாக்கிகளும் வெடிமருந்தும் கப்பல்களும் அளித்தார். முதல் முயற்சியில் தோற்றுத் திரும்பியபோதும் மீண்டும் உதவினார். விடுவிக்கும் நிலங்களில் அடிமைகளையும் விடுவிக்க வேண்டும் என்பதே அவர் வலியுறுத்திய நிபந்தனை. ஆயினும் 1826இல் பொலிவாரின் முயற்சியால் பனாமாவில் அமெரிக்க நாடுகளின் மாநாடு கூடியபோது ஹைட்டிக்கு அழைப்பு இல்லை.

பிரேசிலின் பாகியா மாகாணத்தில் நிகழ்ந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. 1835 ஜனவரியில், ரமலானின் கடைசிப் பத்து நாட்களில், சால்வடோர் நகரின் ஆப்பிரிக்க முஸ்லிம் அடிமைகளும் விடுதலை பெற்ற அடிமைகளும் கிளர்ந்தெழுந்தனர். அவர்களிடம் அரபு எழுத்துகள் கொண்ட தாள்கள் கைப்பற்றப்பட்டன. கிளர்ச்சி ஒரே இரவில் ஒடுக்கப்பட்டது. ஆனால் இன்னொரு ஹைட்டி உருவாகிவிடுமோ என்ற அச்சம் அந்நாட்டு ஆட்சியாளரை நெடுங்காலம் வாட்டியது.

நீதியாகப் பேசுவதாயின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். விடுதலைக்குப் பின், 1804இல், எஞ்சியிருந்த பிரெஞ்சுக்காரர்களைப் பெண்கள், குழந்தைகள் உட்படக் கொன்றொழிக்க டெசலின் ஆணையிட்டார். பட்ட கொடுமை எத்துணைப் பெரிதாயினும் அச்செயலை நியாயப்படுத்த முடியாது. மேலும், செயின்ட் டொமிங் இழந்த சர்க்கரை வணிகத்தைக் கியூபா கைப்பற்றியது. அங்கே அடிமைகளின் எண்ணிக்கை பெருகியது.

எனினும் ஹைட்டிக்கு இழைக்கப்பட்ட அநீதி தனித்தன்மையுடையது. 1825இல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, ஹைட்டியின் விடுதலையை ஏற்க 15 கோடி பிராங்க் கேட்டார். அடிமை உரிமையாளர்களின் 'இழப்பை' ஈடுசெய்யவே அத்தொகை! பின்னர் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. முதல் தவணைக்காகப் பாரிஸ் வங்கியாளரிடம் 3 கோடி கடன் வாங்கியபோது, 60 லட்சத்தை அவர்கள் முன்னதாகவே கழித்துக்கொண்டனர். வட்டியின் கொடுமையை மாணவர்களுக்கு விளக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. விலைக்கு விற்கப்பட்ட மனிதரின் பிள்ளைகள், தங்கள் உடலுக்கான விலையைத் தாங்களே வட்டியுடன் செலுத்தினர். இன்றைய ஹைட்டியின் வறுமையைப் பேசுவோர் இக்கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும்.

அடிமைமுறையை ஒழித்தோர் ஐரோப்பாவின் இரக்கமுள்ள அறிஞர்களே என்று சிலர் எழுதுகின்றனர். அவர்களில் நல்லோர் இருந்தனர் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரிட்டன் 1833இல் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியபோது, 2 கோடி பவுண்டு இழப்பீட்டை எசமானர்களுக்கே ஒதுக்கியது. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. பிரான்ஸ் 1848இல் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை இறுதியாக ஒழித்தது. அதன் பின் கரீபியத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைப் பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேற்றியது. நம் கடற்கரை மக்களும் அச்சர்க்கரையின் கசப்பை அறிந்தவர்களே.

விடுதலை என்பது வலியோர் மனமிரங்கி வழங்கும் கொடை என்று மட்டுமே கற்கும் பிள்ளை, ஒடுக்கப்பட்டோரை இரங்கத்தக்கவராக மட்டுமே காண்பான். அவர்கள் வரலாற்றை மாற்றியவர்கள் என்பதையும், அவர்களுக்கு மற்ற நாடுகள் நன்றிக்கடன் பட்டுள்ளன என்பதையும் அறியும் பிள்ளை, அவர்களை மதிக்கக் கற்றுக்கொள்வான். அடிமையை விடுவிப்பதைக் கடினமான, உயர்ந்த பாதையாகக் குர்ஆன் கற்பிக்கிறது. அப்பாதையில் நடந்தோர் எக்குலத்தவராயினும் எச்சமயத்தவராயினும் அவர்களின் வரலாற்றை மதிப்பது நம் கடமையன்றோ?

1791இன் அக்கிளர்ச்சியை நினைவுகூர்ந்தே யுனெஸ்கோ ஆகஸ்ட் 23ஐ அடிமை வணிகத்தையும் அதன் ஒழிப்பையும் நினைவுகூரும் நாளாகக் கடைப்பிடிக்கிறது. பெற்றோரே! வரும் ஆகஸ்டில் அந்நாளன்று, இரவு உணவுக்குப் பின் பிள்ளைகளை அருகில் அமர்த்தி இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். ஹைட்டி என்றால் நிலநடுக்கம் என்று மட்டும் சொன்ன அம்மாணவனுக்கு அடுத்த வகுப்பிலேயே நான் சொல்லவிருக்கிறேன்.

அநீதிக்குத் துணைபோகாத, அநீதிக்கு ஆளானோரை மறவாத உள்ளத்தை அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக. ஆமீன்.