கட்டணம் கட்டுகிறவன் கணக்குக் கேட்க வேண்டும்!

மின் கட்டணம் உயர்ந்தது என்ற செய்தி வந்தால் ஆலை வாசலிலும் டீக்கடையிலும் கோபம் பொங்குகிறது. நியாயமான கோபம்! ஆனால் கட்டணம் உயர்ந்த பிறகு எழும் கோபத்தைவிட, உயர்வதற்கு முன் எழும் கேள்விக்கு வலிமை அதிகம். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது என்பதைத் தோழர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 64-வது பிரிவு என்ன சொல்கிறது? கட்டணத்தை மாற்றக் கோரும் மனு பொதுமக்கள் அறிய வெளியிடப்பட வேண்டும். மக்களின் யோசனைகளையும் ஆட்சேபணைகளையும் பரிசீலித்த பிறகுதான் ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட வேண்டும். மனு கிடைத்த நாளிலிருந்து 120 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இது யாரும் இட்ட பிச்சை அல்ல, உரிமை!

இந்த உரிமை நடைமுறையில் எப்படி இருக்கிறது? 2022 ஜூலையில் கட்டண உயர்வு மனு வந்தது. ஆகஸ்ட் 16 அன்று கோவையிலும், 18 அன்று மதுரையிலும், 22 அன்று சென்னையிலும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. செவ்வாய், வியாழன், திங்கள். மூன்றும் வேலை நாட்கள்! நாகப்பட்டினத்து மீனவனும் வேலூர்த் தோல் தொழிலாளியும் நாகர்கோவில் கட்டிடத் தொழிலாளியும் ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் செலவும் செய்து வந்து மூன்று நிமிஷம் பேச முடியுமா? செப்டம்பர் 9-இல் உத்தரவு வெளிவந்தது. மறுநாளே அமலுக்கும் வந்தது. கடைசிக் கூட்டத்துக்கும் உத்தரவுக்கும் இடையே 18 நாட்கள்தான்.

விளைவைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரித்த வீட்டுக்கு 170 ரூபாயாக இருந்த பில் 225 ரூபாயாயிற்று. 500 யூனிட் எரித்த வீட்டுக்கு 1,130 ரூபாய் 1,725 ரூபாயாயிற்று. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே உத்தரவின்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய்! ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! கணக்கெடுப்பவர் இரண்டு நாள் தாமதமாக வந்தால் தண்டனை யாருக்கு? வீட்டுக்காரருக்குத்தானே?

இதைவிடப் பெரிய அநியாயம் வேறொன்று. 2022-23 முதல் 2026-27 வரை ஐந்தாண்டுக்குச் செல்லும் அந்த உத்தரவில், ஆண்டுதோறும் ஜூலை முதல் தேதி கட்டணம் உயரும் என்று எழுதி வைத்தார்கள். விலைவாசிக் குறியீட்டு எண்ணின் உயர்வு, அல்லது 6 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. அதன்படி 2023-இல் 2.18 சதவீதம், 2024-இல் 4.83 சதவீதம், 2025-இல் 3.16 சதவீதம் உயர்ந்தது. 2023-இலும் 2025-இலும் வீடுகளுக்குரிய சுமையை மாநில சர்க்கார் ஏற்றது. 2024-இல் வீடுகளும் தப்பவில்லை.

அரிசி விலை ஏறினால் தொழிலாளியின் வயிறு காய்கிறது. அரிசி விலை ஏறிற்றே என்று மின் கட்டணமும் ஏறினால் அவன் என்ன செய்வான்? பஞ்சப்படி பெறுகிறவர்கள் சிலர். மூட்டை சுமப்பவனுக்கும், வீட்டு வேலை செய்யும் தாய்க்கும், தினக்கூலிக்குத் தறி ஓட்டுபவனுக்கும் குறியீட்டு எண் பார்த்துக் கூலி ஏற்றித் தருவது யார்? மின்சாரத்துக்குத் தானாக ஏறும் ஏணி. கூலிக்கு ஏணியே இல்லை! இந்த நீதியை நாம் ஏற்க மாட்டோம்.

வாரியம் கடனில் மூழ்கியிருக்கிறதே, கட்டணம் உயராமல் எப்படி நடக்கும் என்று சிலர் கேட்கிறார்கள். நஷ்டம் உண்மைதான். 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 வரை கட்டணம் மாறவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் எட்டாண்டுக் கணக்கை மூட்டை கட்டி ஒரே நாளில் மக்கள் தலையில் இறக்கச் சொன்னது யார்? ஆண்டுதோறும் கணக்கைச் சபையில் வைத்திருந்தால் நஷ்டத்தின் காரணமும் ஆண்டுதோறும் தெரிந்திருக்கும். 2017 ஜனவரியில் உதய் திட்டத்தில் சேர்ந்து, 22,815 கோடி ரூபாய்க் கடனை மாநில சர்க்கார் தன் தோளில் ஏற்றது. அதன் பிறகும் கடன் வளர்ந்தது ஏன்? தனியாரிடம் என்ன விலைக்கு மின்சாரம் வாங்கினார்கள்? சொந்த நிலையங்கள் எத்தனை நாள் நின்றன? வெளிநாட்டு நிலக்கரிக்கு எவ்வளவு போயிற்று? இவற்றுக்குப் பதில் சொன்ன பிறகு ஏழையின் மீட்டரைப் பார்க்கட்டும்.

மின் கட்டணம் தமிழ்நாட்டில் சாதாரண விஷயமாக என்றும் இருந்ததில்லை. 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில், கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்ட விவசாயிகள் மீது துப்பாக்கி பேசியது. மூன்று பேர் மாண்டார்கள். பைசாக் கணக்குக்காக உயிர் கொடுத்த மண்ணில், பேனா எடுக்க நாம் தயங்கலாமா?

ஐந்தாண்டு உத்தரவு என்றென்றைக்கும் நிற்பதல்ல. காலம் முடிந்தால் அடுத்த மனு வரும். ஒவ்வொரு கிளையும் இன்றே வேலையைத் தொடங்கட்டும். தெருவில் பத்து வீட்டு மின் அட்டைகளை வாங்கி, பழைய பில்லையும் புதிய பில்லையும் எதிரெதிரே எழுதுங்கள். அந்த வீட்டின் கூலி எவ்வளவு என்றும் எழுதுங்கள். தமிழில் எழுதிக் கையெழுத்திட்டு ஆணையத்துக்கு அனுப்புங்கள். ஊமைக் கோபத்தை ஒதுக்கிவிடலாம். எழுத்தில் வந்த ஆட்சேபணையைப் பரிசீலிக்காமல் சட்டப்படி ஒதுக்க முடியாது.

நமது கோரிக்கைகள் நான்கு. மனு முழுவதும் தமிழில் வர வேண்டும். விசாரணை ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும், ஞாயிற்றுக்கிழமையில் நடக்க வேண்டும். விலைவாசியோடு தானாக ஏறும் ஏற்பாடு ரத்தாக வேண்டும். 501-வது யூனிட்டின் தண்டனை ஒழிய வேண்டும்.

விளக்கு எரிவது நமது வீட்டில். பணம் போவது நமது பையிலிருந்து. கணக்குக் கேட்பதும் நாமாகவே இருப்போம்!